மேகம் விட்டுப்போன நிழல்

சண்முகக்கனி முதன்முதலில் பிடித்து வைத்தது ஆக்னஸ் அக்காளின் குடை நிழலை. சித்திரை மாதத்து உச்சி வெயிலில், உப்பளத்து வரப்பின் மேல் விரித்து வைத்திருந்த கறுப்புக் குடையின் நிழலை அவள் கேமராவால் படம் எடுத்தாள். பிறகு ஆக்னஸ் எழுந்து குடையை மடக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். குடை போயிற்று, நிழல் போகவில்லை. வட்டமாக, ஓரத்தில் துருத்திக்கொண்டிருந்த ஒடிந்த கம்பி உட்பட, அப்படியே வரப்பில் கிடந்தது. உப்பு வாரிக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"நல்லதாப் போச்சு. தண்ணிக் குடத்தை அதுல தூக்கி வைங்கட்டி, கொதிக்குது" என்றாள் ஒருத்தி.

குடத்தைத் தூக்கி வைத்துவிட்டு எல்லோரும் மறுபடி குனிந்துகொண்டார்கள்.

அளத்தங்கரை என்ற அந்த ஊர் தூத்துக்குடிக்குத் தெற்கே, கடலுக்கும் தார்ச்சாலைக்கும் நடுவில் கிடக்கிறது. உப்புக் காற்றுக்கு அங்கே மரம் எழும்பாது. எழும்பினாலும் உடைமரம்தான், அதன் நிழலில் ஒரு கோழி நிற்கலாம், இரண்டு கோழி நின்றால் சண்டை வரும். கீழே உப்பு வெள்ளை, மேலே வானம் வெள்ளை, நடுவில் மனிதர்கள் கண்ணைச் சுருக்கிச் சுருக்கி, கல்யாண வீட்டில் வாழையிலை முன்னால் உட்கார்ந்திருக்கும்போதும் சுருக்கின கண்ணோடேயே இருப்பார்கள். அப்படிப்பட்ட ஊரில் ஒரு நிழல் சொந்தக்காரன் இல்லாமல் நின்றால் அதை யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். எங்கே என்றுதான் கேட்பார்கள்.

கனி, உப்பளத்தில் வேலை பார்க்கும் ஜெயக்கொடிக்கும் லாரி ஓட்டும் லிங்கத்துரைக்கும் ஒரே பிள்ளை. ஒன்பது வயது. அவளுக்கு ஆட்டிசம் என்று திருநெல்வேலியில் டாக்டரம்மா சொன்னபோது ஜெயக்கொடி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"பேசுவாளாம்மா?"

"பேசலாம், பேசாமலும் இருக்கலாம். ஆனா சொல்லுவா. எதை வச்சுச் சொல்லுவான்னு நீங்கதான் பாத்துக்கிட்டே இருக்கணும்" என்றார் டாக்டரம்மா.

ஜெயக்கொடி பார்த்துக்கொண்டே இருந்தாள். நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து கனி தன் நிழலின் பின்னாலேயே நடந்ததைப் பார்த்தாள். வாளியின் நிழல், கொடியில் தொங்கும் பாவாடையின் நிழல், சைக்கிள் சக்கரத்தின் நிழல் என்று எதன் ஓரத்தையும் அவள் குப்புறப் படுத்து விரலால் கோடு இழுத்ததைப் பார்த்தாள். குக்கர் விசிலுக்குக் காதைப் பொத்தி அலறியதை, தலையைத் தொட்டால் சுட்டதுபோல் விலகியதை, ஒரு வார்த்தையும் இல்லாமல் ஒரு முழு நாளும் சந்தோஷமாக இருந்ததைப் பார்த்தாள். பள்ளிக்கூடத்தில் பெஞ்சுக்கு அடியிலேயே படுத்துக்கிடக்கிறாள் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு ஜெயக்கொடி தன் சேலைத் தலைப்பைப் பிள்ளையின் மணிக்கட்டில் தளர்வாகக் கட்டி உப்பளத்துக்கே கூட்டிப்போனாள். வெள்ளை வெயில் கண்ணைக் குத்தும்போதெல்லாம் கனி கத்தினாள், தாயின் முதுகில் முகத்தைப் புதைத்தாள், ஜெயக்கொடி அவளைச் சுமந்தபடியே உப்பு வாரினாள்.

கேமராவைக் கொடுத்தது பக்கத்து வீட்டு ஆக்னஸ். அவள் வீட்டுக்காரர் கப்பலில் வேலை. எந்தத் துறைமுகத்திலோ வாங்கி வந்த சின்ன கேமரா பீரோவுக்குள் உறை பிரிக்காமல் கிடந்தது. ஒருநாள் ஆக்னஸ் மிக்சி போட, அவள் வீட்டில் விளையாடிக்கொண்டிருந்த கனி அலறிக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விட்டாள். என்ன செய்வதென்று தெரியாமல் ஆக்னஸ் முறத்தைத் தள்ளிப் பார்த்தாள், பிஸ்கட் தள்ளிப் பார்த்தாள், கடைசியில் அந்தக் கேமராவைத் தள்ளினாள். கொஞ்ச நேரத்தில் கட்டிலுக்கு அடியில் சத்தம் அடங்கிற்று. எட்டிப் பார்த்தால், கனி கேமராவின் சின்னத் திரையில் கட்டில் காலின் நிழலைப் பார்த்துக்கொண்டிருந்தாள், மூச்சு ஒரே சீராக வந்துகொண்டிருந்தது.

ஜெயக்கொடிக்கு அது சட்டென்று விளங்கிவிட்டது. "பாத்தி மாதிரிக்கா" என்றாள் ஆக்னஸிடம். "கடல் எம்புட்டுப் பெருசு, அதுல யாராவது உப்பு வார முடியுமா? நாலு பக்கமும் வரப்புக் கட்டி, இந்தா உனக்கு இவ்வளவுதான்னு நிப்பாட்டினாத்தான விளையுது. எம் பிள்ளைக்கு எல்லாப் பக்கமும் கடலாத் தெரிஞ்சிருக்கு. இப்பத்தான் வரப்பு கெடச்சிருக்கு."

"அப்ப அவளே வச்சிக்கிடட்டும்" என்றாள் ஆக்னஸ். "சார்ஜ் நான் போட்டுத் தாரேன்."

அன்றிலிருந்து கனியின் மணிக்கட்டில் சேலைத் தலைப்புக்குப் பதில் கேமராவின் வார் தொங்கியது. அவளுக்கு யாரும் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. "என்னை எடு கனி" என்று சிரித்துக்கொண்டு நின்றவர்களின் முகத்தை அவள் எடுக்கவில்லை, காலடியில் கிடந்ததைத்தான் எடுத்தாள். எடுத்ததெல்லாம் நிற்கவும் இல்லை. அவள் மூச்சை அடக்கி, வெகுநேரம் பார்த்து, தலையை ஒருமுறை ஆட்டிவிட்டு எடுத்தது மட்டும் நின்றது. எடு எடு என்று ஆள் விரட்டி எடுத்தது ஒன்றுகூட நிற்கவில்லை. இரண்டு பேர் விரட்டிப் பார்த்தார்கள், அதற்குப் பிறகு ஊர் அந்த வழக்கத்தை விட்டுவிட்டது.

குடைக்குப் பிறகு நின்றது பேருந்தின் நிழல். ஊரின் பேருந்து நிறுத்தத்துக் கூரையைப் புயல் கொண்டுபோய் வெகுகாலம் ஆயிற்று. ஒருநாள் காலை டவுன் பஸ்ஸின் நிழலைக் கனி படம் எடுத்தாள், பஸ் புகையைக் கக்கிவிட்டுத் திருச்செந்தூர்ப் பக்கம் போயிற்று, நிழல் சாலையோரத்தில் தங்கிவிட்டது, வரிசையாக ஜன்னல் ஜன்னலாக வெயில் விழும் நீண்ட நிழல். ஊர்க்காரர்கள் ஜன்னல்களை விட்டுவிட்டு இடையில் இருக்கும் கறுப்புக் கம்பங்களில் ஒருவர் பின் ஒருவராக நிற்கப் பழகிக்கொண்டார்கள். வெளியூர்க்காரர்கள் ஜன்னலில் நின்று வேர்த்தால், "தம்பி, ஓரமா வாங்க, அது ஜன்னல்" என்று கூப்பிட்டுச் சொன்னார்கள். பம்ப் ஷெட் சுவரில் பறந்துகொண்டிருந்த ஒரு காக்காயின் நிழல் நின்றுவிட்டது. மற்ற காக்கைகள் ஒரு வாரம் அதனோடு சண்டை போட்டுப் பார்த்துவிட்டுப் பிறகு அதை வயதான காக்காயாக ஏற்றுக்கொண்டன. தபால்காரரின் சைக்கிள் சக்கர நிழலில் ஓர் ஆட்டுக்குட்டி தினமும் வந்து சுருண்டு படுத்தது. மாதா கோயில் பங்குச் சாமியார் வந்து குடை நிழலுக்குள் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார், "சுகமாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். இசக்கியம்மன் கோயில் பூசாரியும் வந்தார், நின்றார், அதையேதான் சொன்னார். மனுசர் நிழலை மட்டும் மிதிக்கக் கூடாது, மற்ற எதிலும் உட்காரலாம், படுக்கலாம், மிளகாய் மட்டும் காயப்போட முடியாது என்று ஊர் தானாக ஒரு முறை வகுத்துக்கொண்டது.

மனுசர் நிழல் என்றால் அப்போது ஒன்றுதான் இருந்தது, அது லிங்கத்துரையின் நிழல்.

லிங்கத்துரை உப்பு ஏற்றிக்கொண்டு கேரளாவுக்குப் போனால் வாரக்கணக்கில் வரமாட்டான். வந்தாலும் மகளைத் தூக்கக் கை நீட்டுவான், அவள் விலகுவாள், நீட்டின கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் பின்னந்தலையைச் சொறிந்துகொண்டு வெளியே போய்விடுவான். பிள்ளைக்குத் தன்னைப் பிடிக்கவில்லை என்று அவன் முடிவே செய்திருந்தான். ஒருநாள் காலை வெயிலில் அவன் புறப்படும்போது, லாரிக் கதவில் ஒரு கையை ஊன்றி, மறு கையால் டீ டம்ளரைப் பிடித்து நின்றபோது, கனி வீட்டு வாசலிலிருந்து படம் எடுத்தாள். அவன் கவனிக்கவில்லை. லாரி போயிற்று. வாசல் மண்ணில் அவன் நின்றான், ஒரு கை நீண்டு, வளைந்து.

திரும்பி வந்த அன்று லாரியைச் சாலையிலேயே நிறுத்திவிட்டு நடந்து வந்தவன் வாசலில் அதைப் பார்த்தான். கதவில் ஊன்றியிருந்த கையின் நிழலுக்கும் உடம்பின் நிழலுக்கும் நடுவே இருந்த இடத்தில், கனி முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, கையின் நிழலில் தலையைச் சாய்த்தாற்போல வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"எப்பலருந்து இப்படி?" என்றான் மனைவியிடம்.

"நீங்க போன அன்னையிலருந்து. சாப்பாடே அங்கதான்" என்றாள் ஜெயக்கொடி.

அவன் சத்தமில்லாமல் போய், அந்த நிழலுக்கு வெளியே, தன் நிழலுக்குத் தானே காவல் உட்கார்ந்ததைப்போல உட்கார்ந்தான். அதன் பிறகு அவன் மகளைத் தூக்கக் கை நீட்டவில்லை. பக்கத்தில் வந்து வெயிலை மறைத்துக்கொண்டு நிற்பான். அவள் நகர்ந்து அவன் நிழலுக்குள் வருவாள். இரண்டு பேருக்கும் அது போதுமானதாக இருந்தது.

இப்படியாக எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்த ஆடி மாதத்தில், கனி ஒரு மேகத்தைப் பிடித்துவிட்டாள்.

ஆடிக் காற்றில் மேகங்கள் அளத்தங்கரையின் மேல் நிற்பதில்லை, ஓடிக்கொண்டே இருக்கும். அன்று ஓடி வந்த ஒரு பெரிய மேகத்தின் நிழல், கால் மடக்கிப் படுத்த மாட்டைப்போல, தவசிமுத்துவின் அளத்தில் மூன்று நான்கு பாத்திகளின் மேல் விழுந்து நகர்கையில், கனி மூச்சை அடக்கி, வெகுநேரம் பார்த்து, தலையை ஆட்டி, எடுத்தாள். மேகம் இலங்கைப் பக்கம் போய்விட்டது. நிழல் தங்கிவிட்டது.

பெண்களுக்குத் தலைகால் புரியவில்லை. பாத்தி நடுவில், நின்று வேலை செய்யும் இடத்திலேயே நிழல். அதற்குள் நுழைந்ததும் சுருக்கிய கண்கள் தாமாக விரிந்தன, வருஷக்கணக்காகப் பக்கத்தில் நின்று வேலை பார்த்தவர்கள், "ஏட்டி, உன் கண்ணு பூனைக் கண்ணா?" என்று அப்போதுதான் ஒருத்தியை ஒருத்தி கேட்டுக்கொண்டார்கள்.

தவசிமுத்து அண்ணாச்சி அந்த அளத்தைக் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறவர். கெட்டவர் இல்லை. ஜெயக்கொடி பிள்ளையோடு வேலைக்கு வந்தபோது வேண்டாம் என்று சொல்லாத ஒரே ஆள் அவர்தான். அவரும் மேகத்துக்குள் வந்து நின்று, தலைப்பாகையை அவிழ்த்து, காற்று வாங்கி, "அப்பாடா" என்றார். ஆனால் நாட்கள் போகப் போக அந்தப் பாத்திகளில் தண்ணீர் தண்ணீராகவே நின்றது. வெயில் படாமல் எந்தத் தண்ணீர் உப்பாகும்? அவருடைய அளத்தில் நல்ல பாத்திகளே அவைதான், மற்றவை சேறு. புரட்டாசி கழிந்தால் மழை இறங்கும், அதற்குள் உப்பை வாரி அம்பாரமாகக் குவிக்காவிட்டால் குத்தகை அடுத்த வருஷம் வேறு கைக்குப் போய்விடும். அவருக்குத் தூக்கம் போயிற்று.

"ஏம்மா ஜெயக்கொடி, பிள்ளையை நான் குத்தம் சொல்லல" என்று ஒருநாள் வந்து நின்றார். "குடை கெடக்கு, கெடக்கட்டும். காக்கா கெடக்கு, கெடக்கட்டும். பாத்தியில மேகத்தைப் போட்டா நான் என்னத்தை வார? அந்தப் படத்தை அழிச்சிட்டா நிழலும் போயிரும்லா?"

"அது தெரியாது அண்ணாச்சி. அவ எடுத்ததை யாரும் அழிச்சதில்ல. அழிக்க வேண்டாம்."

"பாத்துருவோமே" என்று அவர் கனியின் கையிலிருந்து கேமராவை மெதுவாகத்தான் வாங்கினார், மெதுவாகத்தான் திருப்பிப் பார்த்தார், ஜெயக்கொடி குறுக்கே கை நீட்டுவதற்குள் குப்பைத்தொட்டிப் படம் போட்ட பொத்தானை அழுத்திவிட்டார். படம் போயிற்று. எல்லோரும் பாத்தியைத் திரும்பிப் பார்த்தார்கள். மேகம் அசையவே இல்லை, கால் மடக்கிப் படுத்தபடி கிடந்தது.

கனி கேமராவைத் திரும்ப வாங்கித் திரையைப் பார்த்தாள். ஒரு படம் முன்னால் போனாள், ஒரு படம் பின்னால் வந்தாள். மறுபடியும் முன்னால் போனாள், மறுபடியும் பின்னால் வந்தாள். மேகம் இருந்த இடம் இல்லை. அவள் கத்தவில்லை. அழுதிருந்தாலாவது தவசிமுத்துவுக்கு நன்றாக இருந்திருக்கும். அவள் வாரைக் கழற்றி, கேமராவை வரப்பில் வைத்துவிட்டு, வெறும் கையோடு வீட்டைப் பார்த்து நடந்தாள்.

அதன் பிறகு அவள் கேமராவைத் தொடவில்லை. எந்த நிழலிலும் நிற்கவும் இல்லை. சாலையில் பேருந்து நிழல் கிடந்தால் அதைச் சுற்றிக்கொண்டு போனாள், வாசலில் அப்பாவின் கைக்குள் போய் உட்காரவில்லை. ஊருக்கெல்லாம் நிழல் கொடுத்த பிள்ளை கண்ணைப் பொத்திக்கொண்டு வெயிலில் நடப்பதை ஊர் பார்த்தது. ஆக்னஸ் தினமும் கேமராவுக்குச் சார்ஜ் போட்டுக் கொண்டுவந்து வைத்தாள், தினமும் எடுத்துப் போனாள். ஜெயக்கொடி வேலைக்குப் போகவில்லை. பேருந்து நிழலின் கம்பங்களில் நின்றவர்கள் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள். மேகத்துக்குள் நின்ற பெண்களுக்கு அந்தக் குளிர்ச்சி உறுத்திற்று. ஒருத்தி உப்பு வாரும் பலகையைக் கீழே போட்டுவிட்டு, "பிள்ளை இதுக்குள்ள வராம நான் மட்டும் எப்படி நிக்க?" என்று வெளியே வந்தாள். அவள் பின்னால் எல்லோரும் வந்துவிட்டார்கள்.

ஒரு சாயங்காலம் பேருந்து நிழலில் ஊர் கூடிற்று. தவசிமுத்துவும் வந்து ஓரமாக, ஒரு ஜன்னலில், முகத்தில் வெயில் அடிக்க நின்றார். யாரும் அவரை உள்ளே வரச் சொல்லவில்லை.

"நான் அழிச்சிருக்கக் கூடாது" என்றார் அவரே. "ஆனா மழை வருது. நான் என்ன செய்ய, நீங்களே சொல்லுங்க."

ஆளுக்கொன்று சொன்னார்கள். நிழலைக் கழுவிப் பார்க்கலாம் என்றார் ஒருவர். வெள்ளையடிக்கலாம் என்றார் இன்னொருவர். கூட்டத்தில் எப்போதும் வாய் திறக்காத ஜெயக்கொடி அன்று திறந்தாள்.

"நிழலை நகத்த முடியாது அண்ணாச்சி. பாத்தியை நகத்தலாம்லா?"

"பாத்தியையா?"

"வடக்க உங்க தரிசு சும்மாதான கெடக்கு? அதுவும் நல்ல களிமண்ணுதான். வரப்பு என்ன சாமி வெட்டி வச்சதா? நாம வெட்டினது. இங்க உள்ளதைக் கலைச்சு அங்க கட்டுவோம்."

"எம்புட்டு வேலைன்னு தெரிஞ்சுதான் பேசுதியா?"

"தெரியும். அதான எல்லாரும் வாரோம்" என்றாள் ஆக்னஸ், யாரையும் கேட்காமலேயே.

கூட்டத்தில் ஒருவர், கேலியாக இல்லை, நிஜமாகவே புரியாமல் கேட்டார்: "ஒரு பிள்ளைக்காக ஒரு அளத்தையே மாத்துவாகளா?"

ஜெயக்கொடி சொன்னாள்: "அவளை மாத்தலாம்னு ஒம்பது வருசமாப் பாத்துட்டேன் மாமா. அளத்தை மாத்துறது லேசு."

தவசிமுத்து கேட்டார், "மாத்தினா பிள்ளை மறுபடி கேமராவைத் தொடுமா?"

"தெரியாது" என்றாள் ஜெயக்கொடி.

"தொடாட்டா?"

"தொடாட்டாலும் உங்களுக்கு உப்பு விளையும், எங்களுக்கு நிழல் மிச்சம்."

தவசிமுத்து சிரித்துவிட்டார். பக்கத்தில் நின்றவர் நகர்ந்து, அவருக்கும் ஒரு கம்பத்தில் இடம் விட்டார்.

அப்படித்தான் அளத்தங்கரையில் பாத்திகள் இடம் மாறின. ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடித்து வந்தவர்களும், செவ்வாய்க்கிழமைகளில் அம்மன் கோயிலுக்குப் போய்விட்டு வந்தவர்களும், மற்ற நாட்களில் வேலை முடிந்து வந்தவர்களுமாக மண்ணை வெட்டினார்கள். லிங்கத்துரை கேரள நடையைத் தள்ளிப்போட்டுவிட்டு லாரியில் மண் அடித்தான். புதுப் பாத்தியின் தரையைக் காலால் மிதித்து மிதித்து இறுக்க வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீரைக் குடித்துவிடும்; அதற்கு எப்போதும் ஸ்பீக்கரில் பாட்டுப் போடுவார்கள், குலவை விடுவார்கள். இந்த முறை கனி இருக்கிறாள் என்று பாட்டு வேண்டாமென்று வைத்துக்கொண்டார்கள். ஆண்களும் பெண்களும் வரிசையாகத் தோளில் கைபோட்டு, பேச்சில்லாமல், தப் தப் தப் என்று ஒரே அடியாக மிதித்தார்கள். அந்தச் சத்தம் மண்ணுக்குள் இறங்கி, மண் வழியாகவே வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்த கனியின் பாதத்துக்குப் போயிருக்க வேண்டும். அவள் எழுந்து வந்தாள். தூரத்தில் நின்றாள். அந்த அடிக்கு ஏற்றபடி முன்னும் பின்னும் ஆடினாள். யாரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாதென்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது, பார்க்காமல் இருப்பதுதான் அன்றைக்கு எல்லோருக்கும் கடினமான வேலையாக இருந்தது. மறுநாளும் வந்தாள். அதற்கு மறுநாள் கொஞ்சம் பக்கத்தில் நின்றாள்.

கடைசி வரப்பு கட்டி முடித்த அன்று பொழுது சாயும் நேரம். மேற்கே வெயில் தணிந்து மஞ்சளாகி, புது வரப்பின் மேல் கூடையும் மண்வெட்டியுமாக வரிசையாக நின்றவர்களின் நிழல்கள் நீண்டு, நீண்டு, பனைமரம் பனைமரமாகக் கடல் பக்கம் விழுந்தன. ஆக்னஸ் வழக்கம்போல் கேமராவைத் தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுத் தன் பாட்டுக்குக் கூடையைத் தூக்கினாள். கனி குடத்தருகே வந்தாள். தண்ணீர் குடித்தாள். குனிந்து வாரை மணிக்கட்டில் மாட்டிக்கொண்டாள்.

அவள் வெகுநேரம் பார்த்தாள். தோள் வலித்தும் யாரும் கூடையை இறக்கவில்லை, ஒருவருக்குத் தும்மல் வந்தது, அடக்கிக்கொண்டார். கனி தலையை ஒருமுறை ஆட்டினாள். எடுத்தாள்.

அந்தக் கணத்தில் தவசிமுத்து, "நிழல் எங்க விழுது? பாத்தியிலயா?" என்று கத்தப்போய், பிள்ளை ஞாபகம் வந்து கிசுகிசுப்பாக்கி, வரப்பிலிருந்து குதித்து ஓடிப் பார்த்தார். பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். "பாதையில! பாதையிலதான் விழுந்திருக்கு!"

அத்தனை பேரும் சிரித்தார்கள், சத்தமில்லாமல், வயிற்றைப் பிடித்துக்கொண்டு. ஜெயக்கொடி மட்டும் சிரிக்கவில்லை. கூடையை இறக்கிவைத்து, சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு, கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள்.

அவர்கள் வீட்டுக்குப் போன பிறகும் நிழல்கள் பாதையில் வேலை செய்துகொண்டிருந்தன. விடிந்ததும் ஆளாளுக்குத் தங்களைத் தேடி வந்தார்கள். "இந்தா என் கொண்டை." "இது என் கூன், இம்புட்டா கூனியிருக்கேன்?" அதில் மண்வெட்டியோடு நின்ற ஒரு நிழலை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை, அதற்கு முன் தவசிமுத்து மண்வெட்டி பிடித்து யாரும் பார்த்ததில்லை என்பதால். "நான்தான்" என்று அவரே சொன்னார், கொஞ்சம் வெட்கத்தோடு.

புதுப் பாத்திகளில் உப்பு விளைந்தது. மழைக்கு முன்னால் அம்பாரம் நின்றது. மழை வந்து போயிற்று. கனி பிடித்த நிழல்கள் மழையில் கொஞ்சம் வெளுத்து, தை வெயிலில் திரும்பவும் கறுத்தன. பொங்கல் கழிந்து ஆக்னஸ் தூத்துக்குடிக்குப் போய் ஒரு ஸ்டூடியோவில் கனியின் படங்களை அச்சடித்து வந்தாள். மேகத்துக்கு அடியில் இப்போது வெறும் தரை. அங்கே கொடிக்கயிறு கட்டி, துணி மாட்டும் கிளிப்புகளால் படங்களைத் தொங்கவிட்டார்கள். ஊர் குளித்துப் புதுத்துணி உடுத்தி வந்து நின்றது. ஆனால் கனி எல்லாவற்றையும் கழற்றினாள். வெளிறிய நிழலிலிருந்து அடர்ந்த நிழல் வரை தன் வரிசையில், ஒவ்வொன்றாக, மறுபடி மாட்டினாள். மதியம் வரை ஆயிற்று. ஊர் காத்திருந்தது, தரையில் உட்கார்ந்து, கொண்டுவந்த மக்ரூனைத் தின்றுகொண்டு.

மாட்டி முடித்தபோது நடுவில் ஓர் இடத்தில் கிளிப்பு மட்டும் இருந்தது, படம் இல்லை. ஆக்னஸ் வேறொரு படத்தை எடுத்து அங்கே மாட்டப்போனாள். கனி அதைக் கழற்றிவிட்டாள். மற்றவர்கள் படம் படமாகப் பார்த்துப் போக, தவசிமுத்து அந்த வெற்றிடத்தின் முன்னால்தான் வெகுநேரம் நின்றார்.

அன்று வெளியூர்களிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். காயல்பட்டினத்திலிருந்து கதீஜா என்று ஓர் அம்மாள் மகளைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். ஆறேழு வயதிருக்கும், இரண்டு காதையும் கையால் பொத்தியபடி, கண்ணை இறுக மூடியபடி தாயை ஒட்டி நின்றது குழந்தை. கூட்டத்துக்கு வெளியே, வெயிலிலேயே நின்று தயங்கியவளிடம் ஜெயக்கொடி போனாள்.

"உள்ள வாங்கம்மா."

"இல்ல, சத்தம் கேட்டா கத்திருவா. எல்லாருக்கும் தொந்தரவு."

"கத்தட்டும். எங்களுக்குப் பழக்கம்தான்."

கதீஜா கயிற்றில் ஆடிய படங்களைப் பார்த்தாள். "உங்க பிள்ளைக்கு இப்படி ஒண்ணு கெடச்சிருக்கு. எம் மவளுக்கு எதுன்னே தெரியல. ஒண்ணையும் தொடமாட்டேங்கா."

"அதெல்லாம் அவ சொல்லும்போது சொல்லுவா. மொதல்ல நிழலுக்கு வாங்க, கால் சுடுது" என்றாள் ஜெயக்கொடி.

கனி மேகத்தின் ஓரத்தில், தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, கேமராத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வந்தவர்களை அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஆனால் அந்தக் குழந்தையின் பாதம் நிழலின் விளிம்பில் பட்டதும், பார்வையைத் திரையிலிருந்து எடுக்காமலேயே, ஒரு குழந்தை உட்காரும் அளவுக்கு நகர்ந்து உட்கார்ந்தாள்.